புண் ஆறினாலன்றோ வெற்றி!

"ஆபரேஷன் சக்சஸ்" என்ற சொல் ஊரிலிருந்து தொலைபேசியில் வந்து சேர்ந்தால் போதும். நாம் பெருமூச்சு விடுகிறோம். பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டவர்கள் அன்றே உடைத்துவிடுகிறார்கள். உறவினர் பழப்பைகளோடு மருத்துவமனைக்கு அணி அணியாகப் புறப்படுகிறார்கள். இம்மகிழ்ச்சியைக் குறை கூறுவதற்கில்லை. இதயத்தின் இரத்தக்குழாய் அடைபட்டுச் சாவின் வாயிலில் நின்ற ஒருவரை, நெஞ்சைத் திறந்து, புதுவழி அமைத்து, மீண்டும் மூடிக் கண் விழிக்கச் செய்வது மனித அறிவின் பெருஞ்சாதனைகளுள் ஒன்று. ஆயினும் நண்பர்களே, அந்த வெற்றி முரசை நாம் சற்று முன்கூட்டியே கொட்டிவிடுகிறோம் என்பதே என் கருத்து. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையை நாம் அறிவோம். பைபாஸ் அறுவையில் தாழியை உடைக்க இதயமே மீண்டும் பழுதாக வேண்டுமென்பதில்லை. நெஞ்சிலும் காலிலும் இட்ட தையலுக்கடியில் புகுந்துவிடும் கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒன்றே போதும்.

இது மருத்துவர்கள் பேசவேண்டிய பொருளாயிற்றே, பொங்கல் விழாவையும் பட்டிமன்றத்தையும் பேசும் நம் மன்ற இதழில் இதற்கென்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். வினவட்டும். நம்மில் பெரும்பாலோர் இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்டவர்கள். நம் தந்தையரோ ஐம்பதை எட்டியவர்கள் அல்லது கடந்தவர்கள். அவர்களுள் பலருக்கு நீரிழிவு உண்டு; சிலருக்குப் புகைபிடிக்கும் பழக்கமும் உண்டு. வீட்டில் 'படித்த பிள்ளை' என்ற பெயர் நமக்கிருக்கிறது. ஆயிரம் கல்லுக்கு அப்பால் இந்தத் தில்லி மாநகரில் நாம் இருந்தாலும், "டாக்டர் இப்படிச் சொல்கிறாரே, என்ன செய்யலாம்?" என்று முதலில் கேட்கப்படுபவர்கள் நாமே. அப்போது சொல்வதற்கு நம்மிடம் ஏதேனும் இருக்க வேண்டாமா? நான் மருத்துவன் அல்லன். நுண்ணுயிரியல் பயிலும் முதுகலை மாணவன். மருந்து எழுதித் தரும் உரிமை எனக்கில்லை. ஆனால் கிருமி எங்கே வாழ்கிறது, எப்போது புகுகிறது, எதனால் அழிகிறது என்பன என் பாடத்துக்கு உட்பட்டவை. அந்த அளவோடு நின்று பேசுகிறேன்.

முதலில் அறுவை இன்னதென்று சுருக்கமாகக் காண்போம். உடலெங்கும் குருதியை அனுப்பும் இதயத்துக்கும் உணவு வேண்டும். அதைக் கொண்டுவரும் கரோனரி நாளங்களில் கொழுப்புப் படிந்து அடைப்பு உண்டாகும்போது, அடைப்பைத் தாண்டி வேறொரு குழாயை ஒட்டவைத்துக் குருதிக்கு மாற்றுவழி தருவதே பைபாஸ். மடை அடைத்துக்கொண்டால் பக்கத்தில் புது வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சும் உழவனின் வேலை இது. 1953இல் பிலடெல்பியா நகரில் ஜான் கிப்பன் என்பவர் இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு இதயத்துக்குள் அறுவை செய்து வெற்றி கண்டார். 1967இல் அர்ஜென்டினா நாட்டவரான ரெனே பவலோரோ, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு செய்த அறுவை இம்முறை உலகெங்கும் பரவ வழி திறந்தது. இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை 1975இல் நடந்தது. எங்கே தெரியுமா? நம் சென்னைப் பெரம்பூரில் உள்ள தென்னக இரயில்வே மருத்துவமனையில். செய்தவர் டாக்டர் கே. எம். செரியன். அன்று நாளேடுகள் வியந்து எழுதத்தக்க செய்தியாயிருந்தது, இன்று மாவட்டத் தலைநகரங்களிலும் நடக்கும் அன்றாடச் செயலாகிவிட்டது.

இப்பெருஞ்செயலுக்கு உடல் கொடுக்கும் விலையும் பெரிது. நெஞ்சின் நடுவே தோலைக் கீறி, மார்பெலும்பை வாளால் நெடுக அறுத்து விரிக்கிறார்கள். வேலை முடிந்ததும் எஃகுக் கம்பிகளால் எலும்பை இறுக்கிக் கட்டி மேலே தைக்கிறார்கள். சிரை எடுப்பதற்காகக் காலில் மற்றொரு நீண்ட கீறலும் விழுகிறது. மார்புச் சுவரின் உட்புறமாக ஓடும் தமனியைப் பிரித்து இதயத்தோடு ஒட்டுவது நெடுநாள் உழைக்கும் சிறந்த வழி. ஆனால் அந்தத் தமனி அதுவரை ஊட்டிவந்த மார்பெலும்புக்குக் குருதி குறைந்துபோகிறது. குருதி குறைந்த எலும்பு, மணிக்கணக்கில் திறந்து கிடந்த நெஞ்சு, உள்ளே தங்கிவிட்ட கம்பி! கிருமிக்கு இதைவிட நல்ல விளைநிலம் வேறு வேண்டுமா?

தோலளவில் சீழ் பிடித்தால் கட்டு மாற்றி ஆற்றிவிடலாம். மார்பெலும்பிலும் அதன் பின்னாலும் பிடித்தால் கதையே வேறு. கம்பிகளை அவிழ்த்து, அழுகிய எலும்பை நீக்கி, பக்கத்துத் தசையைத் திருப்பிக் குழியை மூடவேண்டி வரும். வாரக்கணக்கில் நரம்பு வழியே மருந்து ஏற்றவேண்டி வரும். நல்ல மருத்துவமனைகளிற்கூட நூற்றுக்கு ஓரிருவருக்கு இக்கேடு நேர்கிறது. நேர்ந்தவர்களுள் பத்தில் ஒருவரோ அதற்கு மேலோ உயிரிழந்ததாக ஆய்வுகள் பல கூறுகின்றன. 'நூற்றுக்கு ஒன்றுதானே' என்பவர், அந்த ஒருவருடைய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அதைச் சொல்லிப் பார்க்கட்டும். முதல் அறுவைக்கே தாலிக்கொடியை அடகு வைத்த குடும்பம் இரண்டாம் அறுவைக்கு எதை அடகு வைக்கும்? காப்பீட்டு அட்டை கைகொடுத்தாலும், மாதக்கணக்கில் இழந்த கூலிக்கு எந்த அட்டை ஈடு தரும்?

இக்கேட்டைச் செய்யும் பகைவன் யார்? அயலூரிலிருந்து வந்தவனல்லன். ஸ்காத்லாந்தின் அபர்தீன் நகரில் அலெக்சாந்தர் ஆக்ஸ்டன் என்ற அறுவை மருத்துவர் 1880ஆம் ஆண்டையொட்டிச் சீழை நுண்பெருக்கியில் வைத்து ஆராய்ந்தார். திராட்சைக் கொத்துப்போல் குவிந்து கிடந்த உருண்டைக் கிருமிகளைக் கண்டு, கிரேக்க மொழியில் திராட்சைக் கொத்தைக் குறிக்கும் சொல்லால் ஸ்டபிலோகாக்கஸ் என்று பெயரிட்டார். அக்குடும்பத்தின் மூத்தவனான ஸ்டபிலோகாக்கஸ் ஆரியஸ், நலமாக நடமாடும் மனிதரில் மூவருள் ஒருவர் மூக்கில் குடியிருக்கிறான். இதைப் படிக்கும் உங்கள் மூக்கிலும் இருக்கக்கூடும். என் மூக்கிலும் இருக்கக்கூடும். அவனுடைய தம்பிமார் எல்லார் தோலிலும் இருக்கிறார்கள். தோல் என்னும் கோட்டைச் சுவர் இருக்குமளவும் அவர்களால் தீங்கில்லை. கத்தி அச்சுவரைத் திறக்கும்போதுதான் உள்வீட்டுப் பகை உள்ளே பாய்கிறது. ஆகவே புண்ணில் கிருமி புகாமல் காப்பதென்பது, நோயாளியின் தோலையும் மூக்கையும், அவரைத் தொடுவோரின் கைகளையும் காப்பதேயாம்.

இவ்வுண்மையை உலகம் எளிதில் ஏற்கவில்லை. 1847இல் வியன்னா நகரப் பெருமருத்துவமனையில், பிள்ளை பெற்ற தாய்மார் காய்ச்சல் கண்டு மாண்டுகொண்டிருந்தனர். ஏப்ரல் மாதத்தில் மட்டும் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் இறந்தனர். இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர், பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு பிரசவம் பார்க்க வருவதே காரணமென்று கண்டு, குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். ஜூன், ஜூலை மாதங்களில் இறந்தவர் நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கியது. பெரியவர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. 1865இல் மனநோய் விடுதியில் அவர் மறைந்தார். அதே ஆண்டில்தான் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் எலும்பு முறிந்த ஒரு சிறுவனின் புண்ணைக் கட்டிச் சீழின்றி ஆற்றினார். செம்மல்வைஸ் கிருமியைக் கண்ணால் கண்டவரல்லர். அவர் கையிலிருந்த கருவி ஒன்றே ஒன்று: இறந்தவரை மாதந்தோறும் எண்ணி எழுதிய பேரேடு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

இன்று நாம் அறிந்தவை யாவை? அறுவைக்கு முந்திய நாளிலிருந்தே தொடங்குவோம். மார்பிலும் காலிலும் உள்ள முடியைச் சவரக் கத்தியால் முந்திய இரவே வழித்துவிடுவது நம் நாட்டில் நெடுநாளைய பழக்கம். தூய்மைக்கென்று செய்வது தீமைக்கு வழியாகிறது. கத்தி தோலில் இடும் நுண்ணிய கீறல்களில் இரவெல்லாம் கிருமி பெருகுகிறது. கனடாவின் கால்கரி நகரில் பத்தாண்டுக் காலம் ஏறக்குறைய 63,000 அறுவைப் புண்களைத் தொடர்ந்து கண்காணித்து 1980இல் வெளியிட்டார்கள். மழித்தவர்களிடம் சீழ் பிடித்த அளவு, மழிக்காதவர்களிடம் கண்டதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்! முடியை எடுத்தே ஆகவேண்டுமெனில் கத்தியின்றி, முடிவெட்டும் சிறு பொறியால் கத்தரித்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே வலியுறுத்துகிறது.

அடுத்தது மூக்கு. நெதர்லாந்தில் ஐந்து மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வொன்று 2010இல் வெளிவந்தது. மூக்கில் ஆரியஸ் கிருமி உள்ளவர்களை முன்னதாகவே கண்டறிந்து, ஒரு பகுதியினருக்கு மூக்கில் மியூபிரோசின் களிம்பு தடவி, குளோர்ஹெக்சிடின் சோப்பால் குளிக்கச் செய்தார்கள். அவர்களுள் அக்கிருமியால் தொற்றுக் கண்டவர் நூற்றுக்கு 3.4, வெறும் களிம்பும் வெறும் சோப்பும் பெற்றவர்களுள் 7.7. ஒரு சிறு குழாய்க் களிம்பும் ஒரு குளியலும் பாதிக்கு மேற்பட்ட தீங்கைத் தடுத்துவிட்டன. இதய அறுவைக்குச் செல்வோருக்கு இதைச் செய்யவேண்டுமென்று மேற்சொன்ன உலக வழிகாட்டியே கூறுகிறது.

மூன்றாவது, கிருமிக்கொல்லி மருந்து. இதில் மருந்தின் விலையைவிடக் கடிகாரத்தின் முள் முக்கியம். 1961இல் ஜான் பர்க் என்பவர் கினிப் பன்றிகளைக் கொண்டு ஆராய்ந்து, கிருமி புகுவதற்கு முன்னரே திசுவில் மருந்து இருந்தால்தான் முழுப் பயன் உண்டென்றும், சில மணி நேரம் கடந்துவிட்டால் மருந்து கொடுத்தும் கொடாததும் ஒன்றே என்றும் காட்டினார். 1992இல் சால்ட் லேக் நகரில் பலவகை அறுவை செய்துகொண்ட 2,847 பேரைப் பற்றிய ஆய்வு வந்தது. கீறலுக்கு முந்திய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களுள் புண் கெட்டவர் நூற்றுக்கு 0.6. அதற்கும் முன்னதாகவே பெற்றுவிட்டவர்களுள் 3.8. கீறி மூன்று மணி நேரம் கழித்துப் பெற்றவர்களுள் 3.3. மருந்து ஏறக்குறைய ஒன்றுதான். மனிதர்களும் நம்மைப் போன்றவர்கள்தாம். நேரம் ஒன்றே வேறு! செபசோலின் என்ற பழைய மருந்தைக் கீறலுக்கு முந்திய ஒரு மணிக்குள் போடுவது, அறுவை நான்கு மணியைக் கடந்தால் மீண்டும் போடுவது என்பதே இன்றைய விதி.

விதியின் மறுபாதி நம் மக்களுக்குக் கசக்கும். அறுவை முடிந்தபின் பத்து நாள், பதினைந்து நாள் என்று ஊசி போட்டால்தான் 'நன்றாகக் கவனித்தார்கள்' என்று நாம் மகிழ்கிறோம். 'பவர் மருந்து' எழுதாத மருத்துவரை ஐயுறுகிறோம். பாஸ்டன் நகரில் பைபாஸ் செய்துகொண்ட 2,641 பேரை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட கட்டுரை என்ன சொல்கிறது? இரண்டு நாளோடு மருந்தை நிறுத்தியவர்களுக்கும் அதற்கு மேல் நீட்டியவர்களுக்கும் புண் கெட்ட அளவில் வேற்றுமையில்லை. நீட்டியவர்களிடம் மருந்துக்கு அடங்காத கிருமிகள் மட்டும் மிகுந்தன. வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட ஆட்டை விரட்ட வேலிக்கு மேலும் முள் வைத்து யாது பயன்? நம் பாடச்சாலையில் கிண்ணத்துக் கூழில் மருந்துத் தட்டைச் சுற்றிக் கிருமி அஞ்சாமல் வளர்வதைப் பார்க்கும்போதெல்லாம், தேவையின்றிப் போட்ட ஊசிகளே நினைவுக்கு வருகின்றன.

நான்காவது, சர்க்கரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்பு 2023இல் வெளிவந்தபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென்று தெரிந்தது. குருதியில் சர்க்கரை மிகுந்தால் கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. புண்ணும் தாமதித்தே கூடுகிறது. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் இதய அறுவை செய்துகொண்ட 2,467 நீரிழிவு நோயாளரைப் பற்றி 1999இல் எழுதினார்கள். அவ்வப்போது ஊசி போடும் பழைய முறையில், மார்பெலும்புவரை சீழ் பிடித்தவர் நூற்றுக்கு 2.0. இன்சுலினைச் சொட்டுச் சொட்டாகத் தொடர்ந்து ஏற்றிச் சர்க்கரையை அடக்கியபின் 0.8. இதற்கு வேண்டியவை இன்சுலினும், இரவு பகலாக விழித்திருந்து அடிக்கடி விரலில் ஒரு துளி குருதி பார்க்கும் செவிலியும். இன்சுலின் கடையில் கிடைக்கும். விழித்திருக்கும் செவிலியரை வேண்டிய தொகையில் அமர்த்தினோமா?

இன்னும் சில உண்டு. அறுவைக்கு நான்கு வாரத்துக்கு முன்னரே புகையை விட்டவரின் புண் எளிதில் ஆறும். அறுவைக் கூடத்தின் கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றும் தூசும் உள்ளே வரும். வேடிக்கை பார்க்க வருவோரைத் தடுக்க ஒரு தாழ்ப்பாள் போதும். காலில் நெடுங்கீறலின்றிச் சிறு துளை வழியே சிரையை எடுக்கும் முறை கற்ற கைகளில் காற்புண் கெடுவது மிகவும் குறைகிறது. இவற்றையெல்லாம் அடுக்கிப் பாருங்கள்: குளியல், களிம்பு, கத்தரிப்பு, கடிகாரம், சர்க்கரை, கதவு. இவற்றுள் எதற்கு விண்ணுலகிலிருந்து அறிவு வரவேண்டும்? எல்லாம் சிறு வேலைகள். சிறியவை என்பதாலேயே கைநழுவிப் போகின்றன.

வீடு திரும்பியபின் நேரும் நழுவல் வேறு. நான் அறிந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர், கட்டட வேலைக்கென இந்நகருக்கு வந்து முப்பதாண்டு உழைத்தவர், இங்கேயே பைபாஸ் செய்துகொண்டார். அறுவை நன்றாகவே நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுத்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. வாயால் சொன்னது இந்தியில். இரண்டையும் அவர் மனைவி அறியார். பேச்சு இந்தி பெரியவருக்குத் தெரியும்; 'கசிவு' 'வீக்கம்' என்னும் மருத்துவமனை இந்தி தெரியாது. காலிலிருந்த தையலில் நீர் கசிந்தபோது, ஊரில் செய்வதுபோல் மஞ்சளைக் குழைத்துத் தேங்காயெண்ணெயில் பூசினார் அந்த அம்மாள். பத்து நாள் கழித்துத்தான் மருத்துவமனைக்குப் போனார்கள். கால் ஆற மூன்று மாதமாயிற்று. அன்பில் குறையில்லை, சொல்லிக் கொடுப்பதில்தான் குறை. 'புண்ணில் எதையும் பூசாதே, கையைக் கழுவாமல் தொடாதே, சிவந்தாலும் கசிந்தாலும் காய்ச்சல் வந்தாலும் இருமும்போது நெஞ்செலும்பு அசைவதுபோல் தோன்றினாலும் அன்றைக்கே வா' என்று தமிழில் நான்கு வரி இருந்திருந்தால் அந்த மூன்று மாதம் மிஞ்சியிருக்கும்.

இனி என் முதன்மைக் கருத்துக்கு வருகிறேன். இச்சிறு வேலைகள் செவ்வனே நடக்கின்றனவா என்பதை எப்படி அறிவது? எண்ணித்தான் அறியவேண்டும். செம்மல்வைஸ் எண்ணினார்; கால்கரியில் எண்ணினார்கள். பைபாஸ் செய்துகொண்டவரின் ஆழ்ந்த புண்ணை 90 நாள் வரை பின்தொடர்ந்து எண்ணவேண்டும் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் வகுத்த அளவுகோல். நோயாளி ஏழெட்டு நாளில் வீட்டுக்குப் போய்விடுகிறார். சீழோ பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வாரத்தில்தான் தலைகாட்டுகிறது. வாசலைத் தாண்டியவரை எண்ணாத மருத்துவமனை, 'எங்களிடம் தொற்றே இல்லை' என்று மனமறியப் பொய் சொல்லாமலே பொய் சொல்லிக்கொள்ளலாம்! அமெரிக்க நாட்டில் 1985இல் வெளிவந்த பேராய்வு, கண்காணிப்பும் தடுப்புப் பணியும் வலுவாக அமைந்து, தம் நோயாளரின் புண் கணக்கை அறுவை மருத்துவருக்கே எடுத்துக் காட்டிய மருத்துவமனைகளில் தொற்று 32 விழுக்காடு குறைந்ததென்று கண்டது. நியூயார்க் மாநிலம் 2005இல் சட்டமியற்றி, பைபாஸ் அறுவைப் புண் தொற்றை மருத்துவமனை வாரியாகப் பொதுமக்கள் காண வெளியிடச் செய்தது.

நம் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை. அகில இந்திய மருத்துவக் கழகமும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து சில மருத்துவமனைகளை இணைத்துத் தொற்றுக் கண்காணிப்பு வலையொன்றை அமைத்திருக்கின்றன, பாராட்டுக்குரிய தொடக்கம். தரச்சான்று பெற்ற மருத்துவமனைகள் தமக்குள் கணக்கு வைத்தாகவும் வேண்டும். ஆனால் அக்கணக்கு அலுவலக அலமாரியில் உறங்குகிறது. நெஞ்சைத் திறந்து காட்டவிருக்கும் மனிதருக்கு, இக்கூடத்தில் சென்ற ஆண்டு எத்தனை நெஞ்சுகளில் சீழ் பிடித்தது என்று அறியும் உரிமை இல்லையா? பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கத் தேர்ச்சி விழுக்காடு கேட்கிறோம். மாடு வாங்கினாலும் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். உயிரை ஒப்படைக்கும் இடத்தில் மட்டும் வாய் பொத்தி நிற்பதேன்? இதய அறுவை செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும், அரசினுடையதாயினும் தனியாருடையதாயினும், ஒவ்வொரு நோயாளியையும் 90 நாள் பின்தொடர்ந்து எண்ணி ஆண்டுதோறும் வெளியிடவேண்டும் என்பதே என் கோரிக்கை.

மறுப்பார் கூற்றையும் கேட்போம். 'கணக்கு வெளியானால், நீரிழிவு முற்றியவரையும் முதியவரையும் மருத்துவர்கள் ஏற்க மாட்டார்கள்' என்பது ஒரு மறுப்பு. இது பொருளுள்ள அச்சம். இதற்கு மருந்து, கணக்கை மறைப்பதன்று; யார் எத்தகைய நோயாளியை ஏற்றார் என்பதையும் சேர்த்து எடைபோட்டுக் கணக்கிடுவது. புள்ளியியல் பயிலும் நம் நண்பர்களுக்கு இது தெரிந்த வித்தையே. 'ஏழை நாட்டில் இதற்கெல்லாம் பணமேது?' என்பது மற்றொரு மறுப்பு. மேலே அடுக்கிய சிறு வேலைகளின் விலையையும், ஒரே ஒரு நெஞ்செலும்பு அழுகியபின் ஆகும் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏழை நாட்டுக்குத்தான் சீழ் கட்டுப்படியாகாது. 'எல்லாம் தலைவிதி' என்பார் மூன்றாம் கட்சியினர். நூற்றுக்குப் பதினெட்டு இரண்டாக இறங்கியபோது வியன்னா நகரத்துத் தாய்மாரின் தலையெழுத்தையா மாற்றி எழுதினார்கள்? கையைத்தான் கழுவினார்கள்.

எண்ணுவது குற்றஞ்சாட்டுவதற்கன்று; யாரைத் தாங்கிப் பிடிக்கவேண்டும் என்று அறிவதற்கு. மருந்து என்பதை நால்வகையாகப் பிரித்த திருவள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு நில்லாமல், அருகிருந்து மருந்தைக் கொடுப்பவனையும் நான்காம் உறுப்பாக வைத்தார். இன்று முதல் மூவரைப் பற்றி நாளேடுகள் எழுதுகின்றன. நான்காமவர் யார்? செவிலி, கட்டு மாற்றும் உதவியாளர், கருவிகளை நீராவியில் வேகவைப்பவர், தரையைத் துடைக்கும் ஒப்பந்தக் கூலியாள். பைபாஸ் புண்ணின் நல்வாழ்வு பெரும்பாலும் இவர்கள் கையில்தான் இருக்கிறது. உலகின் எட்டு நகரங்களில் அறுவைச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றைச் சோதித்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. நம் தில்லியும் அவற்றுள் ஒன்று. 'கிருமிக்கொல்லி கொடுத்தாயிற்றா?' என்பது போன்ற 19 செய்திகளைக் கூடத்திலுள்ளோர் உரக்கச் சொல்லிச் சரிபார்க்கவேண்டும். உயிரிழப்பு நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8ஆகக் குறைந்தது. மருந்து நேரத்துக்குப் போடப்படாவிட்டால் 'நிறுத்துங்கள், டாக்டர்' என்று சொல்லும் துணிவு செவிலிக்கு வேண்டும். அதைக் கேட்டு நிற்கும் பெருந்தன்மை பேராசிரியருக்கு வேண்டும். பட்டியலின் ஆற்றல் தாளில் இல்லை, இந்தத் துணிவிலும் பெருந்தன்மையிலும் இருக்கிறது. அச்செவிலிக்குக் குறைந்த கூலியும் இரட்டை வேலையும் கொடுத்துவிட்டுத் துணிவையும் எதிர்பார்ப்பது நீதியாகுமா?

நாம் செய்யக்கூடியது யாது? சட்டமியற்றும் இடத்தில் நாம் இல்லை. ஆனால் நம் மன்றத்துக்கு இரண்டு வேலைகளைப் பரிந்துரைக்கிறேன். முதலாவது, அறுவை முடிந்து வீடு திரும்புவோருக்கான ஒரு பக்கக் குறிப்பைத் தெளிந்த தமிழில் எழுதி, மருத்துவர் ஒருவரிடம் காட்டித் திருத்தி, அச்சிட்டு, இந்நகரில் தமிழர் மிகுதியாக வாழும் பகுதிகளில் கொடுப்போம். இந்தியும் தமிழும் அறிந்த தோழர்கள் மொழிபெயர்ப்புத் துணையாக மருத்துவமனைக்குச் செல்ல முன்வந்தால், அத்தொண்டு நாம் நடத்தும் பத்துக் கலைநிகழ்ச்சிகளுக்கு ஈடாகும். இரண்டாவது, நம் வீட்டில் யாருக்கேனும் அறுவை என்றால் நாமே ஐந்து கேள்விகளைப் பணிவோடும் அஞ்சாமலும் கேட்போம். முடியை எப்படி எடுப்பீர்கள்? மூக்கில் கிருமி உண்டா என்று பார்ப்பீர்களா? கிருமிக்கொல்லியை எத்தனை மணிக்குப் போடுவீர்கள், எப்போது நிறுத்துவீர்கள்? சர்க்கரையை இரவில் யார் கவனிப்பார்? சென்ற ஆண்டு உங்களிடம் எத்தனை பேருக்குப் புண் கெட்டது? நல்ல மருத்துவர் இக்கேள்விகளுக்குச் சினங்கொள்ளமாட்டார். தமக்குத் துணை வந்ததென்று மகிழ்வார். ஐந்தாவதற்கு விடை கிடைக்காமற் போகலாம். பத்துப் பேர் கேட்டால் மௌனம். ஆயிரவர் கேட்டால் ஏடு திறக்கும்.

நம்மிடையே நுண்ணுயிரியலும் வேதியியலும் புள்ளியியலும் பயில்வோர் பலர் உள்ளனர். புது மருந்து கண்டு பெரும்புகழ் பெறவேண்டும் என்பதே நம் கனவு. அக்கனவு வாழ்க. ஆயினும் கண்டுபிடித்த நல்லவற்றைக் கடைசிக் கட்டில்வரை கொண்டுசேர்ப்பதும் அறிவியலே என்பதை மறவாதிருப்போம். வேண்டிய அறிவு பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. அதைத் தவறாமல் செய்வதும், செய்ததை எண்ணுவதும், எண்ணியதை ஒளிக்காமல் சொல்வதுமே எஞ்சிய பணி. தேங்காயை உடைக்க வேண்டாமென்று நான் சொல்லவில்லை. தொண்ணூறாம் நாள் தையலைப் பார்த்துவிட்டு உடைப்போம்.